நான் காலியாக விட்ட பதினான்காம் கேள்வி

கௌரி,

தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் புறப்படும் நேரத்தில் அப்பாக்களுக்குச் சொல்ல வருவதெல்லாம் தண்ணீர் பாட்டிலைப் பற்றியும் டிக்கெட்டைப் பற்றியும்தான். நாளை மறுநாள் நீயும் மாப்பிள்ளை ஹரியும் புது ஊருக்கு ரயிலேறும்போது நானும் அதைத்தான் சொல்வேன், உனக்குத் தெரியும். அதனால் மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். நீ கேட்டதும் இதைத்தானே. தத்தெடுத்த பெற்றோர்கள் மாதம் ஒருமுறை கூடுகிற அந்தக் கூட்டத்தில் வாசிக்க ஒரு கடிதம் வேண்டும் என்றாய். பொதுவாக எழுதட்டுமா என்று கேட்டதற்கு, “வேண்டாம்ப்பா. பொதுவா எழுதினா நீங்க ஆபீஸ் ரிப்போர்ட் எழுதிடுவேள். எனக்கு எழுதுங்கோ, மத்தவா கேட்டுக்கட்டும்” என்றாய். கல்யாணப் பந்தல் பிரித்து ஐந்து நாள் ஆகிறது. உன் அம்மா இன்னும் மீதிச் சீர்முறுக்கை எண்ணெய்க் காகிதத்தில் மடித்து, தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் உன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூட்டத்தில் இருப்பவர்களுக்கு என்னைத் தெரியாது என்பதால் ஒரு வார்த்தை. நான் இருபத்தெட்டு வருஷம் திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் களப்பணியாளனாக இருந்தேன். ஊருக்குள் புதிதாக ஒரு விஷயம் வந்தால், அது புது விதையோ, புகையில்லா அடுப்போ, கொதிக்கவைத்த தண்ணீரோ, அதை யார் முதலில் ஏற்றுக்கொள்கிறார்கள், யார் பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டு ஏற்கிறார்கள், யார் கடைசிவரை மாட்டேன் என்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது என் வேலை. கேள்வி கேட்டே சம்பளம் வாங்கினவன். பதில் சொல்லிப் பழக்கமே கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ உன் ஆராய்ச்சிக்கான கேள்வித்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

தத்தெடுத்த குடும்பங்களைப் பற்றிய ஆராய்ச்சி. களத்துக்குப் போகும் முன் கேள்வித்தாளை வீட்டில் யாரிடமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும்; எந்தக் கேள்வி உறைக்கிறது, எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். என் கேள்வித்தாள்களை எல்லாம் நான் உன் அம்மாவிடம்தான் கொடுத்துப் பார்ப்பேன். அவளும் புளி கரைத்துக்கொண்டே பதில் சொல்லி, பாதிக் கேள்வியை அசட்டுக் கேள்வி என்று தள்ளிவிடுவாள். நீ என்னைத் தேர்ந்தெடுத்தாய். நான் வெகு உற்சாகமாக நிரப்பினேன். குடும்ப வருமானம், தத்தெடுத்தபோது குழந்தையின் வயது, உறவினர்கள் என்ன சொன்னார்கள் என்று மளமளவென்று போய், பதினான்காம் கேள்வியில் பேனா நின்றது. ‘உங்கள் குழந்தையிடம் நீங்கள் இன்னும் சொல்லாத விஷயம் ஏதாவது உண்டா? உண்டு என்றால் 1. இல்லை என்றால் 2.’ நான் அதைத் தாண்டிப் பதினைந்துக்குப் போனேன். மாலையில் நீ தாளைத் திருப்பிப் பார்த்தாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, பதினான்குக்கு எதிரே 9 என்று போட்டாய். கேள்வி கேட்டும் பதில் வரவில்லை என்றால் எங்கள் தொழிலில் 9 போடுவது வழக்கம். என் மகள் எனக்கு 9 போட்டாள்.

நான் மறைத்தது எதை என்றால், ஒரு நட்சத்திரத்தை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். நாம் குடியிருக்கும் வலியசாலைத் தெருவில் இருந்து பார்த்தால் வராது. தத்துப் பத்திரம் பதிவான அன்றே உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை அப்போதுதான் பிடித்திருந்தது. ஆட்டோவின் இரண்டு பக்கமும் சாரல். நீ உன் அம்மாவின் புடவைத் தலைப்புக்குள் ஒரு மூட்டை மாதிரி இருந்தாய். ஏழு மாதம் இருக்கும் என்று டாக்டர் கணக்கு. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. குழந்தைகள் இல்லத்தில் உன்னை யாரோ விட்டுப்போன தேதி மட்டும்தான் எழுதியிருந்தது. ஆட்டோவை விட்டு இறங்கியதும் எதிர்வீட்டு மாமி, மழை என்று எங்களைத் தன் வீட்டுக் கூடத்துக்கே கூப்பிட்டுத் துவட்டத் துண்டு கொடுத்தாள். நல்ல மனுஷி. உன் கன்னத்தைத் தடவிக்கொண்டே, “கொழந்தைக்கு நாள் என்ன? சாயங்காலம் கோயிலுக்குப் போறேன், ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வரேன்” என்றாள். நம் ஊரில் நாள் என்றால் பிறந்த நட்சத்திரம். “ரேவதி” என்றேன் நான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உன் அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது இப்போதும் நினைவிருக்கிறது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த மாமி ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள். சாரமில்லை, பரவாயில்லை என்று சொல்லி உன் பேருக்கு மட்டும் அர்ச்சனை பண்ணியிருப்பாள். ஆனால் நட்சத்திரம் தெரியாத குழந்தை என்ற பேர் உனக்கு வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். நம் தெருவில் பிறந்தநாளே நட்சத்திரத்தில்தான். அது இல்லாவிட்டால் ஆயுஷ்ய ஹோமம் இல்லை, பாயசம் இல்லை, வருஷா வருஷம் உன் பிறப்பைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று தெருவே ஒருமுறை நினைத்துப் பார்க்கும். அந்த நினைப்பு உன்மேல் படவே கூடாது என்று நினைத்தேன். பொய் சொன்னதோடு நின்றேனா என்றால் அதுவும் இல்லை. பிறந்த தேதியை உத்தேசமாக நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று இல்லத்தில் சொன்னார்கள். நான் பஞ்சாங்கத்தை விரித்துவைத்துக்கொண்டு, டாக்டர் கணக்குப்படி வந்த துலா மாசத்தில், அதாவது ஐப்பசியில், ரேவதி வருகிற நாளாகப் பார்த்து எடுத்தேன். பிறகு ஒரு ஜோஸ்யரிடம் போய், காலை ஆறு பத்து என்று ஒரு நேரமும் சொல்லி, மஞ்சள் தடவிய ஜாதகம் ஒன்று எழுதி வாங்கிவந்தேன்.

அந்த வருஷம்தான் எங்கள் நிலையத்தில் ஒருவன், களத்துக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து நாற்பது வீட்டுக்குப் படிவம் நிரப்பி மாட்டிக்கொண்டான். அவனை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று மேலதிகாரியிடம் முதலில் சொன்னவன் நான். ‘இல்லாத தகவலுக்கு எண் போடுகிறவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை’ என்று மேஜையைத் தட்டிப் பேசினேன். அப்போது உன் ஜாதகம் வீட்டில் அலமாரியில் பட்டுத்துணிக்குள் இருந்தது.

உன் அம்மா அப்படியில்லை. நீ எங்களுக்குப் பிறந்தவள் இல்லை, எங்களிடம் வந்தவள் என்பதை அவள் உனக்கு நாலு வயதிலேயே சொல்லிவிட்டாள். தலை வாரிக்கொண்டே சொன்னாள், மழையில் ஆட்டோ வந்த கதையாக. நீயும் அதைத் தினம் சொல்லச் சொல்லிக் கேட்பாய். மழை கொஞ்சம் குறைத்துச் சொன்னால் சண்டை பிடிப்பாய். நான் அந்த நேரமாகப் பார்த்து வாசலுக்குப் போய்விடுவேன். நட்சத்திர விஷயம் மட்டும் அவளும் சொல்லவில்லை. அது என் பொய், நானே சொல்லட்டும் என்று விட்டிருந்தாள். ஆனால் துலா மாசம் ரேவதியன்று பாயசத்தைக் கிளறும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படியாக, “ஒரு பொய்க்கு வருஷா வருஷம் நெய் விட்டுண்டிருக்கோம்” என்பாள். பாயசம் என்னவோ நன்றாகத்தான் இருக்கும்.

உனக்கு ஒன்பது வயதில் உன்னை வித்துராவுக்குக் கூட்டிப்போனேனே, அதை இங்கே சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம். பொன்முடி மலைக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தச் சந்தை ஊரில், சுற்றுவட்டத்துக் குடிசைகளுக்குப் புகையில்லா அடுப்பு வைத்துக்கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடுப்பு உபயோகத்தில் இருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும். உனக்குப் பள்ளி விடுமுறை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும் என்று நீயும் தொற்றிக்கொண்டாய். தங்கம்மாள் என்றொரு பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலை எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பம். தமிழில் பேச ஆள் கிடைத்தது என்று அவளுக்குச் சந்தோஷம். அடுப்பைச் சாணம் மெழுகிப் பளிச்சென்று வைத்திருந்தாள், மேலே ஒரு சின்னப் பானை. நான் ‘உபயோகத்தில் உள்ளது’ என்பதற்கு நேரே டிக் போட்டுவிட்டேன். வாரத்துக்கு எத்தனை கட்டு விறகு செலவாகும் என்றேன். மூணு என்றாள். அதையும் எழுதினேன்.

நீ அதற்குள் தரையில் குனிந்து, விறகு வைக்கும் வாய்க்குள் எட்டிப்பார்த்தாய். “அப்பா, உள்ள கோழி ஒக்காந்திருக்கு. முட்டை இருக்கு” என்றாய். தங்கம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் உண்மை எல்லாம் வந்தது. அவள் கஞ்சிப்பானை பெரிது, அந்த அடுப்பில் உட்காராது. விறகைச் சன்னமாகப் பிளந்தால்தான் உள்ளே போகும்; பிளக்க ஆளில்லை. ஓலைக்கூரைக்குப் புகை வேண்டும், புகை இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும். நான் வருகிறேன் என்று ஆள் சொன்னதால் மெழுகிவைத்தாள். இத்தனையும் சொல்லிவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: “கொண்டாந்து வைக்கதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா சாரே. வச்சிட்டுப் போனது நீங்க. வச்சிக்கிட்டு இருக்கது நாங்கள்லா.”

எங்கள் தொழிலில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பழையதும் தெரிய வேண்டும், திருத்தியதும் தெரிய வேண்டும். நான் அப்படித் திருத்துவதை நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். திரும்பும்போது பஸ்ஸில், “அப்பா, வெறகு மூணு கட்டுன்னு சொன்னாளே, அதுவும் தப்பு. நீங்க கேட்டதும் அந்த மாமி சுவத்துப் பக்கம் பாத்தா. அங்க மூணு கட்டு இருந்தது. அதான் மூணுன்னா” என்றாய். நான் பதினைந்து வருஷமாகக் களத்தில் அலைந்தவன். திடுக்கென்று கேட்டால் மனிதர்கள் கண்முன் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை, நானும் கவனித்ததில்லை. அப்புறம் நீ அந்த அடுப்பை விடவில்லை. அவள் ஏன் பொய் சொன்னாள் என்றாய். வந்தவர் மனசு நோகக் கூடாது என்றுதான் என்றேன். நீ ஜன்னலை விட்டுத் திரும்பி, “அதுக்காக கோழிக்கு மேல பானை வெக்கறதா?” என்றாய். நான் சிரித்தேன். உனக்குச் சொல்ல அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் இருந்தது எனக்கு. சொல்லவில்லை.

நீ வளர்ந்து தங்கம்மாளின் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாய். தத்தெடுப்பைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் பெற்றோரைத்தான் கேட்டிருக்கிறார்கள், இல்லத்தைக் கேட்டிருக்கிறார்கள். வந்த குழந்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஆரம்பித்தாய். வளர்ந்து ஆளானவர்களைத் தேடித் தேடிப் போய்க் கேட்டாய். பத்திரத்தில் ஒரே நாளில் கையெழுத்தாகிவிடும், ஏற்றுக்கொள்வது அதற்குப் பிறகு வருஷக்கணக்காக, இரண்டு பக்கமும், தினம் தினம் நடக்கிற காரியம் என்று நீ எழுதியிருப்பதைப் படித்தபோது, நான் இருபத்தெட்டு வருஷம் எழுதின அறிக்கைகளில் இப்படி ஒரு வரி இல்லையே என்று இருந்தது. பொறாமை இல்லை கௌரி. பெருமைதான். உன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் பெயர் சொல்லாமல் வித்துராப் பெண்மணி ஒருவருக்கு நன்றி சொல்லியிருந்தாய் பார், அதைத் தெருவில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். உனக்கு அது தெரியாது.

இப்போது ஹரி விஷயம். உன்னோடு வேலை பார்க்கிற பையன், நல்ல பையன், நீயே வந்து சொன்னாய். அவன் அம்மாவுக்கும் உன்னைப் பிடித்துவிட்டது. கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்து அக்ரஹாரத்தில் வீடு. நீ தத்து வந்த பெண் என்பதை ஹரி முன்பே சொல்லியிருந்தான். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜாதகம் மட்டும் ஒரு பேருக்குப் பார்த்துவிடலாம் என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அலமாரியைத் திறந்தேன். பட்டுத்துணியை அவிழ்த்து, ஜாதகத்தை நகலெடுத்து, நானே பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று அவர்கள் ஜோஸ்யர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் நீ வந்து மேஜைமேல் இருந்த இன்னொரு நகலை எடுத்துப் பார்த்தாய். எதைப் பார்த்தாலும் ஓரத்திலிருந்து படிக்கிற வழக்கம் உனக்கு. “காலம்பற ஆறு பத்துன்னு யார்ப்பா சொன்னா? நான் எத்தனையோ இல்லத்து ஃபைல் பாத்தாச்சு. ஒண்ணுலகூட நேரம் இருக்காது” என்றாய். ஒரு பொய் சொல்வதற்கு அந்த இடத்தில் இன்னும் வழி இருந்தது. என் மனசு அதைத் தேடிப் போனதும் உண்மை. ஆனால் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக் கூடம், மழை, ரேவதி, பஞ்சாங்கம், ஜோஸ்யர், எல்லாம். நீ அழுவாய் என்று நினைத்தேன். “கோழிக்கு மேல பானை வெச்சிருக்கேளேப்பா” என்றாய். அவ்வளவுதான். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறந்தநாள் என்று கொண்டாடியதெல்லாம் யாருடையது என்று நீ அம்மாவிடம் கேட்டு அழுதது எனக்குச் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் என்னை உணர்ந்ததில்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, உன்னைப் பற்றி ஒருவருக்கும் தெரியாத ஒரே ஒரு விஷயத்தை, உனக்கு மட்டுமே சொந்தமான அந்தக் காலி இடத்தை, நான் எடுத்து நிரப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை நீ புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாய். கரமனைக்குப் போகிறோம், ஆனால் பேச வேண்டியது நீ, நான் சும்மா வந்தால் போதும் என்றாய். பஸ்ஸில் நான் உன் பக்கத்தில் பிரம்படிக்குப் போகிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் நின்றுவிடுமோ என்றுதான் எனக்கு. நீயும் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாய். ஹரி அப்போது அலுவலகத்தில். அவன் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். “காப்பி அப்பறம் மாமி. முதல்ல ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்து, என்னை விட்டுக்கொடுக்காமல், ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, “பின்னே அந்த ஜோஸ்யர் எட்டுப் பொருத்தம்னாரே, அது யாருக்கும் யாருக்குமாக்கும்?” என்றார். “ஹரிக்கும் எங்கப்பாவோட கற்பனைக்கும்” என்றாய் நீ.

அவர் சிரிக்கவில்லை. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம், வெள்ளைப்பூ வந்தால் பண்ணலாம் என்றார். “எந்தப் பூ வந்தாலும் என் மனசு மாறப்போறதில்லை மாமி. அப்பறம் என்னத்துக்கு ஸ்வாமியைச் சங்கடத்துல விடணும்?” என்றாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் நீ எழுந்திருக்கவில்லை. உங்களுக்கு எது பயமாக இருக்கிறது மாமி என்று கேட்டாய். என் முப்பது பக்கக் கேள்வித்தாள்களில் இந்தக் கேள்வி ஒருமுறையும் இருந்ததில்லை. அவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலப் பேசினார். ஜாதகம் பார்க்காமல் பண்ணிவைத்து, நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் ஊர் தன்னைத்தான் கேட்கும் என்றார். கணவர் போனபோதே கேட்டார்களாம். நீ அவருக்குச் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான் மாமி என்று மட்டும் சொன்னாய். அவர் காப்பி டம்ளரைத் தொட்டுப்பார்த்து, ஆறிப்போச்சு, வேற போடறேன் என்று எழுந்து போனார். எங்கள் தொழிலில் இதைத்தான் ஏற்றுக்கொண்டது என்று எழுதுவோம்.

வேறு காப்பியோடு வந்தவர் ஒரு கேள்வியும் கொண்டுவந்தார். இத்தனை வருஷம் ரேவதி என்று சொல்லி அர்ச்சனை பண்ணியாகிவிட்டதே, இனிமேல் எந்த நட்சத்திரம் சொல்வது? நீ என் பக்கம் திரும்பினாய். இருபத்தேழு நட்சத்திரத்தில் ஏன் ரேவதி என்று கேட்டாய். வாயில் வந்தது, சொன்னேன் என்றேன். “சும்மா ஒண்ணும் வாயில வராதுப்பா. எதிராத்து மாமி கேட்டபோது உங்க கண்ணு எங்க இருந்தது?” என்றாய். நான் கண்ணை மூடினேன். துவட்டும் துண்டு. மாமியின் தோள். தோளுக்குப் பின்னால் சுவர். சுவரில், தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். தேதிக்குக் கீழே அன்றைய நட்சத்திரம்.

நீ ஹரியின் அம்மாவிடம் பழைய பஞ்சாங்கம் இருக்குமா என்று கேட்டாய். அவர் கணவர் வருஷா வருஷம் சேர்த்துவைத்தது பரணில் கட்டாக இருந்தது. தத்துப் பத்திரத்தின் தேதி உனக்கு மனப்பாடம். தூசியைத் தட்டி, பக்கத்தைத் தேடி, விரலை ஓட்டிக்கொண்டு போன நீ ஓரிடத்தில் நிறுத்தினாய். புத்தகத்தைத் திருப்பி எனக்குக் காட்டினாய். ரேவதி. நான் என் சாமர்த்தியத்தில் உண்டாக்கியதாக இருபத்துநாலு வருஷம் நினைத்துக் கூசிக்கொண்டிருந்த நட்சத்திரம், மழையில் நீ எங்களிடம் வந்த அன்றைய நட்சத்திரம். “அர்ச்சனைக்கு ரேவதியே இருக்கட்டும் மாமி. பொறந்த நாள் தெரியாது, அது காலியாவே இருக்கட்டும். இது ஆத்துக்கு வந்த நாள்” என்றாய். துலாத்தில் வேண்டாம், இனி இடவத்தில் பாயசம் என்றும் அங்கேயே முடிவுசெய்தாய். ஹரியின் அம்மா ஜாதக நகலை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் பாரம் இறங்கிவிட்டிருந்தது.

உனக்கு என்ன புத்தி சொல்ல? யார் எதை எப்போது ஏற்றுக்கொள்கிறார்கள் என்று ஊரையே மூன்று வகையாகப் பிரித்துவைத்திருந்தேன். என் வீட்டில் முதலில் ஏற்றவள் உன் அம்மா, பார்த்துவிட்டு ஏற்றவர் உன் மாமியார், கடைசி ஆள் நான். இதை வைத்துக்கொண்டு உபதேசம் பண்ண எனக்கு யோக்யதை இல்லை. இருந்தாலும் அப்பன் என்று ஒருவன் இருக்கிறானே, அதனால் ஒன்று. தெரியாததைத் தெரியாது என்று காலியாக விட உனக்குத் தெரிகிறது. புது வீட்டிலும் அதை விட்டுவிடாதே. யாரையோ காப்பாற்றுகிறேன் என்று அதை நிரப்பக் கை நீளும். அன்பு இருக்கிற இடத்தில்தான் ரொம்ப நீளும். என் கை நீண்டது.

கல்யாணத்தன்று சங்கல்பத்தில் வாத்தியார் பெண்ணின் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ரேவதி என்றேன். வருஷாவருஷம் கோயிலில் சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை உன் அம்மா தலையைத் திருப்பவில்லை.

உன் ஆராய்ச்சிப் படிவங்களை வைத்திருக்கும் பச்சை ஃபைலில் முதல் படிவம் என்னுடையது. நாளை மறுநாள் பெட்டியைக் கட்டும் முன் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வா. பதினான்காம் கேள்விக்கு எதிரே நீ சிவப்பில் போட்ட 9-ஐ அழிக்க வேண்டாம். ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘இல்லை’ என்பதற்கான 2-ஐ எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா